ரௌஷன் போட்ட வெளிச்சம்

ரௌஷன் முதலில் கராகந்தி நகர நாடக அரங்கில் விளக்குப் போட்டவள். ஐம்பதைத் தாண்டிய கதாநாயகிகளை இருபதாகக் காட்டிக் காட்டி அலுத்துப்போய் அல்மாட்டிக்கு வந்தாள். இங்கே கட்டடங்களுக்கு அடியில் கார் நிறுத்தும் தளங்களுக்கு விளக்குத் திட்டம் போடுவது அவள் தொழிலாயிற்று. "தூணு என்னை இளமையா காட்டுன்னு கேக்காது" என்பாள். இரண்டு கணவர்களும் அவளை விட்டுப் போய்விட்டார்கள். இரண்டாமவர் ஏன் போனார் என்று ஒருமுறை கேட்டேன்.

"சாப்பாட்டு மேஜைக்கு மேல தினமும் பல்பை மாத்திட்டே இருந்தேன். மனுஷன் பயந்துட்டார்."

எங்கள் குடியிருப்பின் கார் தளம் அப்போது கிடங்கு மாதிரி இருண்டு கிடந்தது. மருத்துவமனைத் தாதி தோல்கின் சாவியை விரல்களுக்கு இடையில் ஆயுதமாகப் பிடித்துக்கொண்டுதான் லிஃப்ட் வரை நடப்பாள். அவள் போட்ட சத்தத்தில் குடியிருப்போர் சங்கம் ரௌஷனை வரவழைத்தது. சங்கத் தலைவர் சபர்காலி, ஓய்வுபெற்ற போக்குவரத்து போலீஸ்காரர். மரியாதைக்கு எல்லோரும் சபெக்கே என்போம்.

"ஊசி விழுந்தா தெரியணும். ஒவ்வொரு காருக்கு மேலயும் ஒரு விளக்கு போடு" என்றார் அவர்.

"இங்க யாரும் ஊசி தேட வர்றதில்ல சபெக்கே. சுவருக்கு வெளிச்சம் குடுக்கணும். சுவர் தெரிஞ்சா அதுக்கு முன்னால நிக்கிறவனும் தெரிவான். அப்புறம் நுழையிற எடத்துல பகல்லதான் விளக்கு அதிகமா எரியணும்."

"பகல்ல விளக்கா? உனக்குப் பைத்தியமா?"

"வெளிய பனியில வெயில் அடிச்சு கண்ணு கூசி வர்றவனுக்கு உள்ள வந்ததும் ஒண்ணும் தெரியாது. நீங்க போன வாரம் தூணை இடிச்சது பகல்லயா, ராத்திரியா?"

சபெக்கே பேச்சை மாற்றினார். நுழைவாயிலும் சுவரும் அவள் சொன்னபடி. காருக்கு மேல் விளக்கு அவர் சொன்னபடி. சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். ஆள் நடந்தால் பளிச்சென்று எரிந்து, இல்லாவிட்டால் மங்கிவிடும் விளக்குகள் வந்தன.

முதல் நாள் மாலை, வேடிக்கை பார்க்க நாங்கள் பத்துப் பேர் கூட்டமாக இறங்கினோம். விளக்குகள் எரிந்தன. காருக்குக் கார் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளித் தலைமையாசிரியை கலம்காஸ் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி வைத்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விட்டுவிட்டதாக வீட்டில் போன வருஷமே விருந்து வைத்தார்கள். சபெக்கே மடியில் காகிதத்தை விரித்து, டாக்டர் தடுத்திருந்த குதிரைக் கொழுப்புத் தொத்திறைச்சியை அறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் அவர் மனைவி பிபிகுலும் இருந்தாள்.

"மீட்டிங் இன்னும் முடியலையா?" என்றாள்.

"விளக்கு சரியா எரியுதான்னு பாத்துட்டிருந்தேன்."

"கத்தியோடவா?"

மறுவாரச் சங்கக் கூட்டம் கலவரமாயிற்று.

"நாள் பூரா பிள்ளைங்க கத்தலைக் கேக்குறேன். மேல போனா பேரன் கத்துவான். நடுவுல எனக்கு அரை மணி நேரம் வேணும்" என்றார் கலம்காஸ். சபெக்கேயும் இப்போது இருட்டுக் கட்சிக்குத் தாவியிருந்தார்.

தோல்கின் எழுந்தாள். "நீங்க தொத்திறைச்சி திங்க நான் பயந்து நடக்கணுமா அண்ணே?"



ரௌஷன், "தப்பு என்னுதும்தான். நிறுத்தின காருல ஆளே இருக்கமாட்டாங்கன்னு நெனச்சுட்டேன். காருக்கு மேல விளக்கு வேணாம்னு அன்னைக்கே சண்டை போட்டிருக்கணும்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மாலை வேளைகளில் ஒவ்வொருவர் காரிலும் ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, எந்த விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று பார்த்தாள். காருக்கு மேலிருந்தவற்றைக் கழற்றி நடைபாதை மேலேயும் சுவரோரமும் மாட்டினாள். ஆள் வந்ததும் பளிச்சென்று எரிந்தவை இப்போது மெல்ல மெல்ல வெளிச்சம் கூடும்படி ஆயின. சுவரும் தூண்களின் பின்பக்கமும் ஒரே சீராகத் தெரிந்தன. காருக்குள் மட்டும் காரின் கூரை நிழல் விழுந்தது.

தோல்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பார்த்தாள். "ஒளிஞ்சு நிக்க எடமே இல்ல" என்றாள். சாவி பையிலேயே இருந்தது.

"என் முகம் தெரியுதா?" என்று கலம்காஸ் காருக்குள்ளிருந்து கேட்டார்.

"முகம் தெரியல டீச்சர். புகை தெரியுது" என்றாள் தோல்கின்.

சபெக்கே மட்டும் திருப்தியில்லாமல் ரௌஷனிடம் வந்தார். "பிபிகுல் இப்ப அவளும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிறா. பாதியைத் தின்னுடறா."

"அதுக்கு விளக்கு என்ன செய்யும் சபெக்கே?"

அடுத்து அவளுக்கு ஒரு மருத்துவமனைக் கார் தளம் கிடைத்தது. அங்கே நிர்வாகியிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "கார்லயே உக்காந்திருக்கிறவங்க எந்தப் பக்கம் காரை நிறுத்துவாங்க?" அப்படி யாரும் இல்லை என்றாராம் அவர். ரௌஷன் நம்பவில்லை. கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பென்சிலை எடுத்தாள்.