முட்டை பப்ஸ் வாங்கித் தந்து அண்ணன் கேட்ட கேள்வி

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது எப்போதாவது அவரிடம் கோபப்பட்டிருப்பீர்கள். தங்கையான எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பொறுமைசாலி, உதவி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர் என்பதெல்லாம் உண்மை. ஆறு வயது முடிந்தும் பெற்ற மகளைப் பள்ளியில் சேர்க்காமல் வீட்டில் வைத்திருந்தவரும் அதே அண்ணன்தான்.

அவர் பிறந்தது பெங்களூர் விவேக் நகரில். அப்பா தச்சு வேலை செய்தவர். ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்த அண்ணனை ஆறாம் வகுப்பில் ஆங்கிலப் பள்ளிக்குக் கொண்டுபோய்த் தள்ளினார்கள். கடைசி பெஞ்சு. அந்த வருடம் முழுவதும் எந்த ஆசிரியரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். “நாந்தான் நாப்பத்தொண்ணு” என்று அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு துபாய் ஓட்டல் ஒன்றின் சமையலறைக்குப் போனார். அங்கே உடன் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்தான் எங்கள் அண்ணி மரிசெல். எனக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பேசினார். பிறகு இருவரும் பெங்களூருக்கே திரும்பி வர, அண்ணன் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனை மேற்பார்வை பார்த்தார்.

தொல்லை அதன்பிறகு தொடங்கியது. அண்ணியின் நாட்டுக் குடும்பங்கள் சில இங்கே உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அந்தத் தாய்மார்கள் அண்ணனைச் சூழ்ந்துகொள்வார்கள். அவரும் சளைக்கமாட்டார். இங்கிலீஷில் அவர்களுக்குச் சொன்னதையே வீட்டுக்கு வந்து தமிழில் எனக்கும் ஒப்பிப்பார்.

“இன்டர்நேஷனல் ஸ்கூல்னா நாளைக்கு மணிலா போனாலும் அதே பாடம் தொடரும். ஆனா அங்க பசங்க வருஷத்துக்கு ஒருதடவ மாறிட்டே இருப்பாங்க, சிநேகிதம் நிக்காது. ஆல்டர்நேட்டிவ் ஸ்கூல்ல பரீட்சை பயம் இல்ல, மண்ணுல வெளயாடலாம். ஊருக்குத் திரும்பிப் போனா எத்தனாவது படிச்சேன்னு கேப்பாங்களே, அப்ப என்னத்தக் காட்டுறது? சிஸ்டருங்க நடத்துற ஸ்கூல்ல ஜெபம், யூனிபார்ம் எல்லாம் அவங்க ஊர் மாதிரியேதான். ஆனா கன்னடம், இந்தி ரெண்டும் புள்ளைய அமுக்கிடும் ரோசி.”

இத்தனை பேசியும் இவற்றில் எதை வைத்தும் அவர் முடிவு செய்ததில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போவார். உள்ளே அனுப்பிவிட்டு, பெற்றோரோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொள்வார். வரும் வழியில் பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்து, “உள்ள யாரப் பாத்தே?” என்று கேட்பார். அந்தத் தாய்மார்களில் ஒருவரான கிரேஸின் மகன் ஒரு பள்ளியில் நீச்சல் குளம் பார்த்ததாகச் சொன்னான். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொன்றில் மஞ்சு என்ற தோட்டக்காரரைப் பார்த்ததாகச் சொன்னான். அங்கேயே சேர்த்தார்கள், இன்றும் அங்கேதான் படிக்கிறான்.

சொந்த மகள் லியாவின் முறை வந்தபோது எல்லாம் தலைகீழானது. மூன்று வகைப் பள்ளிகளுக்கும் அவள் கையைப் பிடித்தபடி இவரே உள்ளே போனார். பிரின்சிபாலைக் கேள்வி கேட்டார், கழிவறையைப் பார்த்தார், வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். பேக்கரியில் அதே கேள்வி. லியா ஒவ்வொரு முறையும் சொன்ன பதில், “பப்பாவ.”

“இதுவும் சரியில்ல ரோசி. அடுத்ததப் பாக்கலாம்.”

“ஏண்ணா, ஊர் புள்ளைங்கள எல்லாம் கேட்டுலயே விட்டுட்டு வெளிய நிக்கிறீங்க. இவள மட்டும் ஏன் உள்ள வரைக்கும் புடிச்சிட்டுப் போறீங்க?”

“தெரியாத எடம்மா.”

அண்ணி தனக்குத் தெரிந்த தமிழில் ஒரே வரியில் முடித்தார்: “எனக்கு எல்லா ஸ்கூலும் ஓகே. இவருக்கு எந்த ஸ்கூலும் ஓகே இல்ல.”

ஒரு சேர்க்கைக் காலம் இப்படியே போனது. அடுத்தது தொடங்கியபோது, கேன்டீனில் காலை உணவு முடிந்த நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அவர் பையில் மூன்று விண்ணப்பங்கள் இருந்தன. மூன்றும் அழகான கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. ஒன்றிலும் கையொப்பம் இல்லை. அழுதேன் என்பதைவிட, அந்தக் காகிதங்களைப் பார்த்து அவரைத் திட்டினேன் என்பதே சரி.

லியாவை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விடுகிறேன் என்றார் அண்ணி. கிரேஸ்தான் தடுத்தார். அண்ணன் தன் மகனுக்குச் செய்ததை லியாவுக்குச் செய்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அண்ணன் முதன்முதலில் சரியில்லை என்று ஒதுக்கிய சிஸ்டர்கள் பள்ளிக்கே மூவரும் அவளை அழைத்துப் போனோம். கேட் அருகே லியா, அவள் அம்மா நாட்டு வழக்கப்படி, எங்கள் கைகளை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். அந்த அரைமணி நேரம் வெளியே நின்றபோதுதான் அண்ணனால் ஏன் நிற்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பேக்கரியில் கேட்டேன். “உள்ள யாரப் பாத்தே?”

“ஷீலா மிஸ். என் பேர் கேட்டாங்க. நானும் அவங்க பேர் கேட்டேன்.”

“போன தடவ அவங்க இல்லையா?”

“இருந்தாங்க அத்த. அப்ப பப்பா பேசிட்டிருந்தாரு.”

அன்று மாலையே அண்ணி கையொப்பமிட்டார்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய கேன்டீன் தோழர்களுக்கும், அடக்கத்தன்று எங்களைத் தாங்கிய பங்கு மக்களுக்கும், கிரேஸுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. ஷீலா மிஸ்ஸுக்குத் தனியாக ஒரு நன்றி.

அண்ணா, உங்கள் மகளைத் தினமும் கேட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம். உள்ளே அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

தங்கை ரோசி