உதட்டில் படாத பாத்திரம்

என் வீட்டுக்காரரின் வாயை நான் மோந்து பார்க்காத மாலை அந்த வருஷங்களில் கிடையாது. நேராகப் போய் மோந்து பார்க்க நான் என்ன போலீஸா? அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். வண்டியை அவிழ்த்து மாடுகளைக் கட்டிவிட்டு அவர் வாசலுக்கு வரும்போது சொம்பில் தண்ணீரோடு எதிரே போய் நிற்பேன். தலைத்துண்டை வாங்குவதுபோல் கிட்டே நெருங்குவேன். "இன்னிக்கு என்ன பாரங்க?" என்று கேட்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? புளி என்பார், கடலை என்பார், கேழ்வரகு என்பார். எதைச் சொன்னாலும் எனக்கு ஒன்றுதான். அந்தச் சொல்லோடு வரும் காற்றுதான் எனக்கு வேண்டும். வெற்றிலை போட்டால் வாசனை அமுங்கிவிடும் என்று வெற்றிலையையே வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்தேன். ஏலக்காய் மென்றுகொண்டு வந்தாரானால் அன்றைக்குக் கேள்வி இரண்டாக ஆகும்.

காரணமில்லாமல் இல்லை. அவர் இண்டூரிலிருந்து தருமபுரிக்குப் பாரவண்டி ஓட்டினார். வழியில் ஈச்சமரத் தோப்பை ஒட்டி ஒரு கள்ளுக்கடை. திரும்பும்போது வண்டி அங்கே நிற்காத நாளில்லை. ஒரு தடவை எங்கள் ஒரே மகளை ஏற்றிக்கொண்டு தொப்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பி வரும்போது குடித்துவிட்டு மேட்டில் தூங்கிப்போனார். வண்டி சாய்ந்தது. பிள்ளையின் கை ஒடிந்தது. கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லையோ என்னவோ, அந்தக் கை வளைந்தே நின்றுவிட்டது. அவள் சாப்பிடத் தட்டை நீட்டும்போதெல்லாம் அந்த வளைவுதான் என் கண்ணில் படும். அதற்குப் பிறகு யாரையும் சுலபமாக நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கை ஒடிந்த பிறகுதான் அவர் கோவிலில் எல்லோர் முன்னாலும் முழங்கால் போட்டு, இனிமேல் தொடுவதில்லை என்று அழுதார். கோவில் என்றால் எங்கள் வேதக்கோவில், ஓடு போட்ட ஒரு சின்னக் கூடம். மாதத்தில் ஒரு ஞாயிறு தருமபுரியிலிருந்து ஐயர் வந்து அப்பமும் திராட்சரசமும் இராப்போஜனமாகக் கொடுப்பார். சபைக் குருவை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் என் வீட்டுக்காரரின் தலையில் கை வைத்து, கர்த்தருடைய கிருபை உன்னைத் தாங்கும் என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக.

வேடிக்கை என்னவென்றால், அவர் முழங்கால் போட்டதும் ஊரில் கடையை மூடியதும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மதுவிலக்கு எங்கள் சேலம் ஜில்லாவில்தான் முதலில் வந்தது. தோப்பில் பானை கட்டுவது நின்றது, கடைக்குப் பூட்டு விழுந்தது. என் வீட்டுக்காரர் குடிக்காமல் வீடு வந்தார். ஐயர் அதைக் கிருபை என்றார். பக்கத்துக் காட்டுக்காரர் மனைவி சும்மா இருப்பாளா? "உங்க சாமி பண்ணுச்சா, கவர்மென்ட்டு பண்ணுச்சாங்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் நானும் அவள் கட்சிதான்.

இவரோ எதற்கெடுத்தாலும் கிருபை என்றார். மாடு படுத்தால் கிருபை, எழுந்தால் கிருபை. அச்சு முறிந்தால்கூட, பள்ளத்தில் முறியாமல் மேட்டில் முறிந்ததே, அது கிருபை. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும். பூட்டிய கடையைத் தாண்டி வருவதற்குக் கிருபை எதற்கு? பூட்டு போதாதா? ஊரில் ஓடைப் பக்கம் வேலம்பட்டை ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர்களும் இருந்தார்கள். அதனால் பூட்டையும் நான் முழுசாக நம்பவில்லை. என் மூக்கை மட்டும் நம்பினேன்.

மதுவிலக்கால் எனக்கு ஒரு ஊழியமும் கிடைத்தது. இராப்போஜனத்துக்குத் திராட்சரசம் வைத்திருக்க சர்க்காரில் எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்று ஐயர் என்னிடம் சொல்ல, உலர்ந்த திராட்சையை ராத்திரி ஊறவைத்து, காலையில் காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டி நான் கொண்டுபோவேன். வாசனை இல்லாத, பாகு மாதிரி இனிப்பான சாறு. பாத்திரம் வரிசையில் கைமாறி வரும்போது என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடிப்பார். அவ்வளவு நிம்மதியாக அவர் முகத்தை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. தருமபுரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். வண்டிக்காரர்களுக்கு ஓயாத வேலை. அதற்குப் பிறகு, யார் தலையில் என்ன உதித்ததோ, கடையையும் மறுபடி திறந்துவிட்டார்கள். ஈச்சமரத்தில் பானை ஏறியது. அந்தச் செய்தி கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையின் கையைப் பார்த்தேன். இனிமேல் பூட்டு இல்லை, இனி எல்லாம் இவருடைய கிருபை பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

கடை திறந்த பிறகு அவர் வீடு வரும் நேரம் தள்ளிப்போக ஆரம்பித்தது. மாடுகள் முன்னைவிடக் களைத்து வந்தன. சக்கரத்தில் ரோட்டுப் புழுதி இல்லை, சேறு. வாயில் மட்டும் ஒன்றும் இல்லை. வாசனை இல்லாததே எனக்கு அதிகச் சந்தேகமாகப் போயிற்று. குடித்த பிறகு எங்கேயோ தண்ணீரில் இறங்கிக் குளித்து, வாய் கொப்பளித்து, தெளிந்த பிறகு வருகிறாரோ? சேற்றுக்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அந்த மாதம் ஐயர் வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். இப்போதுதான் தடை இல்லையே, முறைப்படி நல்ல ரசமே கிடைத்துவிட்டது, இனி உனக்குச் சிரமம் வேண்டாம் அம்மா என்றார். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

எங்கள் சபையில் ஒரு பயம் உண்டு. மனசுக்குள் பாவத்தை ஒளித்து வைத்துக்கொண்டு பாத்திரத்தைத் தொட்டால் அதுவே கர்த்தருடைய ஆக்கினைத் தீர்ப்பாகிவிடும் என்ற பயம். அண்ணன் தம்பிச் சண்டை தீராதவர்கள், வாக்குத் தவறியவர்கள் எல்லாம் வாங்காமல் விட்டுவிடுவார்கள். யார் வாங்கினார்கள், யார் விட்டார்கள் என்று பார்ப்பது பெண்கள் பக்கத்துப் பாய்களில் நடக்கும் வேலை. அன்றைக்கு நானும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பம் வந்தது, என் வீட்டுக்காரர் வாங்கினார். பாத்திரம் வந்தது. இரண்டு கையாலும் பிடித்தார். முகத்தருகே கொண்டுபோனார். உதட்டில் வைக்காமல் அப்படியே பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? குடிக்கிறார். குடித்துவிட்டுக் கர்த்தருடைய பாத்திரத்தைத் தொட பயப்படுகிறார். இரண்டையும் விட்டால் ஊர் கவனிக்கும் என்று அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். இவ்வளவு கணக்குப் போட்டவர் வேறு என்னதான் செய்யமாட்டார்?

மறுநாள் காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பல் வலி, தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். புளி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். போகும்போது நேர் ரோடு. கடை சாத்திக் கிடந்தது, அவ்வளவு காலையில் யார் திறப்பார்கள்? தருமபுரியில் மூட்டையை இறக்கினார். நான் ஆஸ்பத்திரி வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். மத்தியான வெயிலில் காலி வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில அந்தக் கன்னத்தையில்ல புடிச்சிருந்த?"

கையைச் சட்டென்று மாற்றினேன். அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். ஈச்சந்தோப்பு தூரத்தில் தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் இடப்பக்கத்து மாடு, யாரும் கயிற்றை இழுக்காமலே, ரோட்டை விட்டு ஏரிப் பக்கம் ஒரு தடத்தில் தானாகத் திரும்பியது. அவர் தடுக்கவில்லை. மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தினமும் போகிற இடத்துக்குத்தான் அது போகிறது. இந்தத் தடத்தின் முடிவில் காய்ச்சுகிற இடம் இருக்கிறது. அகப்பட்டார்.

அது தடம் என்று சொல்லவே லாயக்கில்லை. கல்லும் முள்ளும். ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலில் சக்கரம் பாதி புதைந்தது. அவர் இறங்கிச் சேற்றில் தோள் கொடுத்துத் தள்ளினார். நான் கண்ணைச் சுழற்றிக்கொண்டே வந்தேன். குடிசை இல்லை, புகை இல்லை, ஆள் இல்லை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் வண்டி மறுபடியும் ரோட்டில் ஏறியது. தோப்பும் கடையும் எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தன.

"எங்கங்க?" என்றேன்.

"எது எங்க?"

"கடைங்க."

"கடை ரோட்டுல இருக்குது. அதனாலதான் நானு ரோட்டுல வர்றதில்ல."

எனக்கு உடனே அடங்கத் தெரியவில்லை. "இத்தன வருசமா கிருபை, கிருபைன்னு சொல்றீங்களே, அந்தக் கிருபை கடை முன்னால நிக்காதுங்களா?"

"அது நிக்கும் புள்ள. என் காலுதான் நிக்காது. எறங்கிரும்." மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "இப்பிடி ஒரு தடம் இருக்குதுன்னு தெரிஞ்சதே கிருபைதான்னு நெனச்சிக்கிட்டு வர்றேன்."

"அப்ப பாத்திரத்த ஏங்க விட்டீங்க?"

"வாசன வந்துச்சு," என்றார். "நீ காய்ச்சிக் கொடுத்தப்ப பயமில்லாம குடிச்சேன். இதுல அந்த வாசன. ஒரு முழுங்குதான், தெரியும். அந்த ஒரு முழுங்கு எங்க போயி முடியும்னும் தெரியும். கர்த்தரோட பந்தியில ஆரம்பிச்சி கள்ளுக்கடையில முடிச்சன்னா, நம்ம புள்ள மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? ஆனால் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். நம்பியிருக்கமாட்டேன்.

அடுத்த மாதம் யுத்தத் தட்டுப்பாட்டிலும் எப்படியோ ஒரு பிடி திராட்சை தேடிப் பிடித்துக் காய்ச்சினேன். ஐயரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு சொட்டுத்தானே அம்மா, கிருபை போதாதா?" என்றார். "அந்தக் கிருபைதாங்க என்னைக் காய்ச்சச் சொல்லுச்சு," என்றேன், அடக்கமாகத்தான். அவர் சொம்பை வாங்கி, கொஞ்சம் தயங்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். புளித்திருக்குமோ என்று சந்தேகம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அது என் தொழில் அல்லவா?

பாத்திரம் வரிசையில் வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைத் தனியே கூப்பிட்டார். என் மூக்கு விவகாரம் எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது. இப்படிப்பட்ட மனுஷனைத் திருடனைச் சோதிப்பதுபோல் சோதிக்கலாமா, அவரைத் தாங்குகிறவர்மேல் உனக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்டார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இன்றோடு விட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கை கால் கழுவும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தால், தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார்.

"உள்ள வாங்க," என்றேன்.

"இன்னிக்குப் பாக்கலியா?"

"எதங்க?"

"வாய."

இவருக்குத் தெரியாது என்றல்லவா நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்! முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "இனிமே பாக்கமாட்டங்க. உங்கமேல நம்பிக்கை வந்துருச்சு," என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அப்பிடிச் சொல்லாத புள்ள. மத்தியான வெயில்ல தொண்ட காஞ்சி கெடக்கறப்ப எனக்கு ஜெபம்கூட வாயில வராது. சாயங்காலம் அவ என் வாயப் பாப்பா, அவ பாப்பான்னு சொல்லிக்கிட்டுத்தான் ஏரிப் பக்கம் திரும்புறேன். நீயும் பாக்கலன்னா..."

படியேறி வந்து, என் உயரத்துக்குக் குனிந்து, வைத்தியரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மோந்து பார்த்தேன். புளியும் வைக்கோல் தூசியும்தான் மணந்தன. சந்தேகம் தீரும்வரை, நிதானமாக, இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "வாங்க, களி ஆறிப்போவுது."