வெள்ளிக்கிழமை இருமல்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ‘ர’ எது, ‘ற’ எது என்று இன்றும் யோசித்துத்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததைக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

ஷார்ஜா ரோலாவில் ஒரு லாண்டரியில் எனக்கு இஸ்திரி போடும் வேலை. அதே கட்டடத்தின் மாடியில் ரூம். பக்கத்துக் கட்டிலில் கோவில்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். வாட்ச்மேன் வேலை. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மனைவி இறந்துவிட்டார். ஊரில் ஒரே மகள், பள்ளிக்கூட டீச்சர். அத்தை துணையோடு அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2006ஆம் வருஷக் குளிர்காலத்தில் எங்கள் டிவியில் தமிழ் சேனல் கார்டு முடிந்துபோனது. புதுப்பிக்க யாரும் முன்வரவில்லை. அதனால் சும்மா வந்ததைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு இங்கிலீஷ் தொடர் வரும். அடியில் அரபி எழுத்து ஓடும். இரண்டுமே எங்களுக்குத் தெரியாது. கீழே மளிகைக் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து பாய் ஜும்மா தொழுகை முடிந்து எங்களோடு சாப்பிட வருவார். அவர்தான் அரபியைப் படித்துக் கதை சொல்லுவார். விக்டோரியா ராணி காலத்துக் கதையாம். குதிரை வண்டி, தரை கூட்டும் பாவாடை, எந்நேரமும் மழை.

அதில் ஒரு கிழவன். ஜன்னலோரம் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருப்பான். மகள் அவனுக்கு ரொட்டியை நறுக்கிக் கொடுப்பாள், பேப்பர் படித்துக் காட்டுவாள். அவளைக் கட்ட ஆசைப்பட்டு ஒரு பையன் வருவான். அவன் குதிரைச் சத்தம் கேட்டதும் கிழவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். வெளியே கிளம்பியவள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அப்பன் காலடியில் உட்கார்ந்துவிடுவாள்.

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்தார். “பிள்ளைன்னா இப்படில்லாவே இருக்கணும்!”

பாய் கையிலிருந்த எலும்பைத் தட்டில் போட்டார். “நெஞ்சாவது வலியாவது! அந்தப் பய போனதும் எப்படி சாப்பிடுதான்னு பாத்தியளா? முழுக் கோழி அண்ணாச்சி!”

ரூமே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது அன்று முழுக்க என் மனதில் கிடந்தது. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசாதவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஊருக்குப் போன் செய்வோம். ஒதுங்கிப் பேச இடம் கிடையாது. அவரவர் கட்டிலில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். அதனால் ஒருவர் பேச்சில் பாதி மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அண்ணாச்சி மகளோடு பேசும்போது நடுநடுவே இருமுவார்.

“ஆமாம்மா… சளிதான்… இருக்கட்டும். மாப்ளைக்கு மெட்ராஸ்ல வேலைங்காவ. நீயும் அங்க போயிட்டா நான் வந்து யாருகிட்ட இருக்க? கொஞ்ச நாள் போகட்டும், தாயீ.”

பிறகு ஒரு நீண்ட இருமல். போனை வைத்ததும் நின்றுவிடும். பக்கத்துக் கட்டிலில் படுக்கிற எனக்கு மற்ற நாட்களில் அவர் இருமிக் கேட்டதில்லை. குளிரில் வாசலில் நின்று டூட்டி பார்த்துவிட்டு வந்த அன்றும் இருமவில்லை. இரண்டு வரன்கள் அப்படியே தட்டிப் போயின. மூன்றாவதாக இந்த மெட்ராஸ் வரன் வந்து பதிலுக்குக் காத்திருந்தது.

அந்தச் சமயத்தில் எனக்கு லீவு கிடைத்தது. எங்களில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் மற்றவர்கள் பார்சலும் கூடப் போகும். கொண்டுபோனவன் வீட்டில் உட்கார்ந்து, ஆள் எப்படி இருக்கிறார் என்று நேரில் சொல்ல வேண்டும். போனில் கேட்டதைவிட அவன் சொல்வதைத்தான் வீட்டார் நம்புவார்கள்.

அண்ணாச்சி தைலம், பால்பவுடர், சேலை எல்லாம் கட்டிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, அவ கேப்பா. இருமல் அப்படியேதான் இருக்குன்னு சொல்லிரும். நல்லாருக்கேன்னு சொல்லிராதயும்.”

“ஏன் அண்ணாச்சி?”

“நல்லாருக்கேன்னு தெரிஞ்சா என்னை மறந்துரும்லா.”

அந்த இருமல்மேல் எனக்கிருந்த சந்தேகம் அப்போது தீர்ந்தது. தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

கோவில்பட்டியில் அந்தப் பெண் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டாள். பார்சலைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டுக் காப்பி கொடுத்தாள்.

“சித்தப்பா, அப்பா ரூம்லயும் இருமுதாங்களா?”

நான் டம்ளரைப் பார்த்தேன். ஆமாம் என்று சொன்னால் மெட்ராஸ்காரர்களுக்கு இல்லை என்று பதில் போகும். இல்லை என்றால் பெற்றவனை மகளிடம் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். காப்பியை முழுக்கக் குடித்தேன்.

அவள் மெதுவாகச் சிரித்தாள். “சரி, நீங்க சொல்ல வேண்டாம். விளங்கிட்டு.”

நான் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி வழக்கம்போல இருமலோடு ஆரம்பித்தார். பிறகு பாதியில் நின்றார். காது சிவந்தது. “யாரு சொன்னா?” என்றார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “சரிம்மா… சரி… அடுத்த வாரம் பேசுதேன்” என்று வைத்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் அவர் பேசும்போது நான் லாண்டரியில் இருந்தேன். அந்தப் பாதிகூட என் காதில் விழவில்லை. மேலே வந்தால் ஜிலேபி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“நிச்சயமாயிட்டுவே! மாப்ள மெட்ராஸ விட்டுட்டு நம்ம வீட்டோட வந்து இருக்கச் சம்மதிச்சுட்டாரு.”

பாய் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “இது யாரு போட்ட கண்டிசன், அண்ணாச்சி?”

“நான் ஒரு வார்த்த கேக்கல. மகதான் கேட்டுருக்கா.”

பாய் என்னைப் பார்த்தார். நான் ஜிலேபியைப் பார்த்தேன்.

கல்யாணத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. விசாவை முடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர் சாமான்களை வாங்கிப் போக வந்தவரிடம் எனக்கு ஒரு கல்யாணப் போட்டோ கொடுத்தனுப்பியிருந்தார். மாப்பிள்ளை ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். நடுவில் நாற்காலி போட்டு அண்ணாச்சி. மகள் கை அவர் தோளில் இருக்கிறது.

அவள் சிரிக்கிறாள். வற்புறுத்தி வரவழைத்த சிரிப்பா என்று பலமுறை உற்றுப் பார்த்தேன். மனதாரச் சிரிப்பதுபோலத்தான் தெரிகிறது. அதை நம்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

எழுதி முடித்தது: 14-8-2009, வெள்ளிக்கிழமை, ரோலா.