பார்க்குக்கு ஒத்திகை

எங்கள் மகள் மூன்று வயது முடிவதற்குள் பல தடவை ரயிலில் சென்னைக்குப் போய்வந்துவிட்டாள். எல்லாமே ஆஸ்பத்திரிக்குத்தான். பிறவியிலேயே காது கேட்காது என்று தெரிந்த பிறகு பரிசோதனைக்கு, ஆபரேஷனுக்கு, தையல் பிரிக்க, மிஷின் மாட்ட, மாட்டிய மிஷினைச் சரிசெய்ய என்று போய்க்கொண்டே இருந்தோம். பீரோ மேலிருந்து சூட்கேஸை இறக்கினாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

அதனால்தான் சென்னையிலிருந்து அக்கா போன் பண்ணி, "இந்த லீவுக்கு வாங்க, பசங்களைக் கூட்டிட்டுக் கடற்கரை ரோட்டுல இருக்கிற பெரிய பார்க்குக்குப் போகலாம்" என்றபோது, யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி இல்லாத ஒரு பயணத்தை அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யோசனையெல்லாம் போனை வைத்த பிறகுதான் வந்தது.

நாங்கள் கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். நான் திருச்சிக்காரி, ஐடி வேலைக்காகக் கொல்கத்தா வந்தவள். என் கணவர் கரக்பூரில் பிறந்து வளர்ந்த ரயில்வே வீட்டுப் பிள்ளை. அவருடைய தமிழில் பாதி ஹிந்தி, மீதியில் பாதி வங்காளம். இங்கே யார்டில் ஷன்டிங் வேலை பார்க்கிறார். பெட்டிகளை எஞ்சினோடு கோர்க்கும்போதும் பிரிக்கும்போதும் டிரைவருக்குக் கையாலும் கொடியாலும் சைகை காட்ட வேண்டும். யார்டு இரைச்சலில் வாய்ப்பேச்சுக்கு வேலையில்லை.

வீட்டிலோ நேர் எதிர். மகளுக்குத் தலையில், தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மிஷின், அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் வட்டமாக ஒரு காந்தம். அந்தக் காந்தம் மண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் அவளுக்குக் கேட்கும். எடுத்துவிட்டால் ஒன்றுமே கேட்காது. வீட்டில் அதற்கு 'பட்டன்' என்று பேர். ஆபரேஷன் முடிந்தபோதே எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: விழித்திருக்கும் நேரமெல்லாம் பட்டன் தலையில் இருக்கணும், பேசிக்கொண்டே இருங்கள், கைசாடை காட்டாதீர்கள், சாடை பழகிவிட்டால் காதால் கேட்கும் முயற்சியை விட்டுவிடுவாள். என் கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பகல் முழுக்கச் சைகை காட்டிவிட்டு வருகிற மனுஷன், வீட்டுப்படி ஏறியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அவளிடம் பேசுவார்.

அக்கா பார்க்கின் படங்களை அனுப்பினாள். பெரிய ராட்டினங்களுக்கெல்லாம் உயரக் கணக்கு இருந்தது. கதவு நிலையில் மகளை நிற்க வைத்து அளந்து பார்த்தோம். அவள் ஏறக்கூடியவை குழந்தைகள் பகுதியில் இருந்த குதிரை ராட்டினம், குட்டி ரயில், யானை வடிவ ஊஞ்சல், அப்புறம் முழங்கால் அளவுத் தண்ணீர்க் குளம். அந்தக் குளத்தின் படத்தைப் பார்த்ததும் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினாள்.

"தண்ணியில பட்டனைக் கழட்டணுமே" என்றேன்.

"கழட்டிட்டாப் போச்சு" என்றார் கணவர்.

"கழட்டிட்டா எப்படிக் கூப்பிடுறது? அவ பாட்டுக்கு ஆழத்துப் பக்கம் போனா?"

வீட்டில் குளிக்கும்போது பட்டன் இருக்காதுதான். ஆனால் அங்கே அவள் என் இரண்டு கைக்குள் இருப்பாள். அத்தனை கூட்டத்தில், அத்தனை குழந்தைகளுக்கு நடுவில் அவள் காதில்லாமல் நிற்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"கையால ரெண்டு மூணு சொல்லிக் கொடுத்தா என்ன? வா, நில்லு, மெதுவா. அவ்வளவுதான்" என்றேன்.

"வேண்டாம். இத்தனை கஷ்டப்பட்டது எதுக்கு? இப்பத்தான் நாலு வார்த்தை பேசுறா. குளத்தை விட்டுடலாம். ராட்டினம் மட்டும் போதும்."

"அவளுக்கு வேண்டியதே குளம்தான்."

"பாக்கிறதையெல்லாம் கேப்பா. சின்னப் புள்ள."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்க் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. டிக்கெட் போட வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கும் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

பேச்சுப் பயிற்சிக்கு நாங்கள் கொல்கத்தாவில் பாலிகஞ்சுக்குப் போவோம். பயிற்சி தருகிறவரை எல்லோரும் தீதி என்று கூப்பிடுவார்கள், அக்கா என்கிற மாதிரி. அவருக்குத் தமிழ் தெரியாது. எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்கு வங்காளத்தில் சொல்வார், நாங்கள் அதைத் தமிழில் மகளுக்குச் செய்து காட்டுவோம். அந்த வாரம் கணவரும் கூட வந்திருந்தார். வகுப்பு முடிந்து மகள் கட்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தபோது, குளத்து விஷயத்தை நான்தான் எடுத்தேன். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீதி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தண்ணீருக்குள் அவளுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?"

"அதுக்கில்ல தீதி. சாடை காட்டக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றார் கணவர்.

"பட்டன் இருக்கும்போது பேசுங்கள். இல்லாதபோது கையால் சொல்லுங்கள். குழந்தைக்கு இரண்டும் தனித்தனி என்று புரியும். உங்களுக்குத்தான் புரிய நேரமாகும்." பிறகு இன்னொன்றும் சொன்னார். "பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் விடுவதானால் அப்போதும் கழற்றிவிடுங்கள். உரசலில் உண்டாகிற மின்சாரம் மிஷினுக்கு ஆகாது. போகிற இடத்தைப் பற்றி முன்கூட்டியே அவளிடம் நிறையப் பேசுங்கள். நடக்கப்போவது தெரிந்தால் பயப்பட மாட்டாள்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மகள் என் மடியில். ஆற்றுப் பாலத்தைத் தாண்டின பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "யார்டுல ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா நில்லுன்னு அர்த்தம். கிலோமீட்டர் தூரத்துலேர்ந்தும் தெரியும்" என்றார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார். மகளின் பட்டனை எடுத்து அதற்கான பெட்டியில் வைத்துவிட்டு, குவார்ட்டர்ஸ் முற்றத்தின் ஒரு கோடியில் அவளை நிறுத்தி, மறுகோடியில் போய் நின்றார். இரண்டு கையும் மேலே போனால் நில். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி மெல்ல ஏற்றி இறக்கினால் மெதுவாக வா. தன்னை நோக்கி வீசினால் ஓடி வா. மகள் ஓடுவதும் சட்டென்று நிற்பதும் தடுக்கி விழுவதுமாக இருந்தாள். அவர் கை அசையும் விதத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். இந்த மனுஷன் வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மிச்ச ஒத்திகையைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காகிமா எடுத்துக்கொண்டார். காகிமா என்றால் வங்காளத்தில் சித்தி. நான் ஆபீஸ் போகும் நாட்களில் மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். வரிசையில் நிற்பது எங்கள் மகளுக்கு ஆகவே ஆகாது. ஆஸ்பத்திரி வரிசைகளில் பழகியதோ என்னவோ, வரிசை என்றாலே கத்துவாள். காகிமா தெருப் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, கேட்டுக்குக் குறுக்கே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, "டிக்கெட்?" என்று ஒவ்வொருவரிடமும் கை நீட்டுவார். ஆளுக்கொரு இலையைக் கொடுத்தால் துடைப்பம் உயரும். உள்ளே போனால் ஒரு பொரி உருண்டை. மகள் முதல் நாள் அழுதாள். பிறகு உருண்டைக்காக நின்றாள். அப்புறம் விளையாட்டுக்காகவே நின்றாள். காகிமா எங்காவது வேலையாகப் போய்விட்டால் துடைப்பத்தை இவளே தூக்கிக்கொண்டு வந்து, "டிக்கெட்" என்பாள். அந்த வார்த்தை அவளுக்கு வந்தது அப்படித்தான்.

சூட்கேஸை முன்கூட்டியே இறக்கி, கூடத்தில் திறந்து போட்டுவிட்டேன். அதில் அவளுடைய பொம்மைகளைப் போட்டு வைத்தேன். இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து அதற்குள் உட்கார்ந்துகொண்டாள்.

இத்தனை ஏற்பாட்டிலும் நாங்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது.

சென்னைக்குப் போய், அக்காவோடும் அவள் பிள்ளைகளோடும் பார்க்குக்குக் கிளம்பினோம். வாசலிலேயே பெரிய பெரிய ஸ்பீக்கர்கள். சினிமாப் பாட்டு, அதற்கு மேல் அறிவிப்பு, உள்ளேயிருந்து ராட்டினத்துக் கூச்சல். எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. வரிசையில் ஒழுங்காக நின்று, டிக்கெட்டைத் தன் கையால் நீட்டி, கேட்டைத் தாண்டிய மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அலற ஆரம்பித்தாள். பட்டனைப் பிடுங்கினாள். வயர் இருந்ததால் அது தோளில் தொங்கியது. கணவர் குனிந்து எடுத்து மாட்டினார். மறுபடி பிடுங்கினாள்.

"மாட்டி விடு. பழகிடும்" என்றார் என்னிடம். அவர் முகம் வெளுத்திருந்தது. எத்தனையோ மாதமாக அவளாக அதைக் கழற்றியதே இல்லை.

சுற்றிப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா தன் பிள்ளைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு நின்றாள். நான் மகளுக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, மாட்டுவதற்குக் கையைக் கொண்டுபோனேன். அவள் என் கையைத் தடுத்து, மிஷினை முழுக்கக் காதிலிருந்து எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, அவ தூக்கி எறியல. வெச்சுக்கன்னு கொடுக்கிறா" என்றேன்.

அவர் தோள்பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினார்.

அதற்குப் பிறகு அந்தப் பார்க்கில் எங்கள் எல்லோரிலும் நிம்மதியாக இருந்தவள் அவள் ஒருத்திதான். குதிரை ராட்டினத்தில் ஆடாத குதிரையாகப் பார்த்து ஏறினாள். ஒவ்வொரு சுற்றிலும் அப்பா வேலிக்கு வெளியே நின்று கையசைக்க, இவளும் அசைத்தாள். குட்டி ரயில் வளைவில் திரும்பி வந்தபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். ரயில் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. அது நிற்க வேண்டிய இடம்தான். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். என் கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குளத்தில் ஒரு நிமிஷம் எனக்கு உயிர் போய் வந்தது. காளான் குடை மாதிரி ஒன்றிலிருந்து நாலாபுறமும் தண்ணீர் திரையாக விழும். மகள் அதற்குள் நுழைந்துவிட்டாள். வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நான் என்னையறியாமல் பாப்பா, பாப்பா என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று உறைத்தது. நான் இறங்கி ஓடுவதற்குள் அவள் மறுபக்கமாக வெளியே வந்து, ஆழமான குளத்துக்குப் போகிற படிகளை நோக்கி நடந்தாள். அங்கே எதிர்ப்பக்கம் அவள் அப்பா நின்றிருந்தார். இரண்டு கையையும் தூக்கினார். அவள் சட்டென்று நின்றாள். நின்ற இடத்திலேயே தன் கைகளையும் தூக்கினாள். பக்கத்தில் இருந்த குழந்தைகள் என்ன விளையாட்டென்று தெரியாமல் தாங்களும் தூக்கின. அவர் தண்ணீருக்குள் போய் அவளைத் தூக்கிக்கொண்டார்.

திரும்பும்போது காரில் அவள் ஈரத் தலையோடு என் மேல் தூங்கிவிட்டாள். கணவர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "தீதிகிட்ட என்ன சொல்றது? இன்னிக்கு முக்கால்வாசி நேரம் பட்டனே இல்ல" என்றார்.

"நடந்ததைச் சொல்லுவோம்."

"திட்டுவாங்க."

"திட்டட்டும்."

தீதி திட்டவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்க என்னாலும் முடியாது. நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். அவள் கழற்றிக் கொடுத்தாள். எறியாமல் கொடுக்கத் தெரிந்ததே, அது பெரிய விஷயம்" என்றார். கழற்ற வேண்டும்போது சொல்ல ஒரு வார்த்தை கற்றுக்கொடுக்கச் சொன்னார். நாங்கள் 'போதும்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தோம். அதைச் சாப்பாட்டுத் தட்டிலும் பயன்படுத்தலாம் என்று நான் நினைத்தேன். அவள் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறாள். தலை வாரும்போது, சோப்பு போடும்போது, நான் ஆபீஸ் போனில் நீளமாகப் பேசும்போது.

அந்த வருஷத் துர்கா பூஜையில் குவார்ட்டர்ஸ் பந்தலுக்கு நாலு டாக் மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். தோளில் பெரிய மேளத்தை மாட்டிக்கொண்டு ஆடி ஆடி அடிப்பார்கள், காது கிழியும். முந்தின வருஷம் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்திருந்தோம். இந்தத் தடவை அடி தொடங்கியதும் அவள், "போதும்" என்றாள். மிஷினைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, முன்வரிசைக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாள்.

காகிமா எங்களிடம் வந்து, "ஏன், மிஷின் கெட்டுப்போய்விட்டதா?" என்று கவலையாகக் கேட்டார்.

"இல்லை காகிமா. அவளுக்குச் சத்தம் அதிகமாக இருக்கிறதாம்" என்றார் கணவர் வங்காளத்தில். பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.