மறுபடியும் அழுத்தாதே

மகளின் அலுவலகம் மைசூர் ஹெப்பாளில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படிகள், நான்கு நாற்காலிகள், ஆட்கள் நாங்கள் இருவர். தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரங்களுக்கு முப்பத்தொரு வருடம் இயக்கக் கையேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

இணையப் பக்கத்தைத் தானே திறந்து, படிவம் நிரப்பி அனுப்பும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை அவள் செய்திருந்தாள். அதற்கு ஐந்து கருவிகள்: திற, படி, எழுது, அழுத்து, காத்திரு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். அதைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்யும். படிக்கப்போவது மனிதரில்லை என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு வாசகர்! ஐந்து குறிப்புகளையும் ஆங்கிலத்தில் நான்கே நாளில் எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. நாற்பது தொழிலாளர்களுக்கு, மாதிரிப் பெயர்களில், பஸ் பாஸ் விண்ணப்பங்களை ஏஜென்ட் போட்டுக்காட்ட வேண்டும். பிடித்தால் ஒரு வருட வேலை. பிடிக்காவிட்டால் அலுவலகத்தை மூடிவிட்டு பெங்களூரில் வேலைக்குப் போய்விடுவேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அங்கே ஒரு கம்பெனி வெள்ளி மாலைக்குள் பதில் கேட்டிருந்தது. அவள் போய்விட்டால் வீட்டில் நான் ஒருவன்தான். அந்த வாரம் ரத்த அழுத்தத்தை ஒன்பது முறை பார்த்தேன்.

வியாழன் காலை, மாதிரிக்காக மகள் அமைத்திருந்த நகல் தளத்தில் ஒத்திகை.

"அப்பா, நாப்பது பேருக்குத் தொண்ணூத்தி மூணு அப்ளிகேஷன் போட்டிருக்கு."

"சரியா எண்ணினியா?"

"நான் எண்ணினா நம்பவா போறீங்க? நீங்களே எண்ணுங்க."

எண்ணினேன். தொண்ணூற்று மூன்றேதான். ஒருவர் பெயரில் மட்டும் ஏழு.

"ஒரே ஆள் ஏழு பஸ்ல எப்படிப்பா போவாரு?"

"உன் ஏஜென்ட்டுக்குப் புத்தி போதலை."

"அது சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. நீங்க எழுதினதைப் படிங்க."

படித்தேன். 'அழுத்து' கருவிக்கான குறிப்பின் கடைசி வரி: பலன் தெரியாவிட்டால் மீண்டும் அழுத்தவும்.

என் கையேடுகள் எல்லாவற்றிலும் இருந்த வரி அது. ஒருவரும் குறை சொன்னதில்லை. கடைசல்காரருக்குக் காது உண்டு. விளக்கு எரியாவிட்டாலும் மோட்டார் முனகுவது கேட்டால் கையை எடுத்துவிடுவார். இங்கே பக்கம் மெதுவாக வருகிறது. கருவியோ 'அழுத்தியாயிற்று' என்று மட்டும் திருப்பிச் சொல்கிறது. பலன் தெரியவில்லை, ஆகவே மீண்டும் அழுத்தியிருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு துள்ளல்! என் வரியை அப்படியே நம்பி நடந்த முதல் வாசகர் இவர்தான். இவருக்கு எழுதுவதென்றால், கேட்பதையும் பார்ப்பதையும்கூட நானே சொல்லியாக வேண்டும்.

உட்கார்ந்தேன். மகள் கொண்டுவந்து வைத்த காபி இரண்டு முறை ஆறியது.

"சும்னே இருங்கப்பா, ஒரு வரி மாத்தினா போதும்" என்றாள், பாதிக் கன்னடத்தில்.

"ஒரு வரியால வந்த வினைதானே இது?"

பதினோராவது திருத்தம் இப்படி நின்றது: 'இந்தக் கருவி பொத்தானை ஒரு முறை அழுத்தும். அழுத்தியதை மட்டுமே சொல்லும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்பது இதற்குத் தெரியாது. அதை அறிய, ஐந்து வினாடி காத்திருந்து பக்கத்தைப் படி. பழைய படிவமே தெரிந்தாலும் மறுபடி அழுத்தாதே; மேலும் ஐந்து வினாடி காத்திருந்து படி. ஆறு முறை படித்தும் மாறாவிட்டால் நிறுத்திவிட்டு, ஆளிடம் சொல்.'

வெள்ளிக்கிழமை வந்தவர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். நின்றுகொண்டே பார்த்தார். முதல் பெயர் நிரம்பியது, பொத்தான் அழுந்தியது, திரை அப்படியே நின்றது. நான் வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, நின்னு போச்சுங்களா? இன்னொரு தட்டு தட்டச் சொல்லுங்க!"

"தட்டக் கூடாதுங்க!" என்று கத்திவிட்டேன். மகள் என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள்.

பதினோரு வினாடி. திரையில் 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்று வந்தது. ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு இரண்டாவது பெயருக்குப் போனது. நாற்பதாவது முடிந்ததும் அவர் பட்டியலைக் கேட்டு வாங்கி, விரல் வைத்து எண்ணினார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"நாப்பதுதானுங்க. திங்கக்கிழமை நெசப் பேரா அனுப்பறனுங்க."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் மகள் போனை எடுத்து ஜன்னல் பக்கம் போனாள்.

"இல்லா மேடம், நான் பரல்லா. இல்லே கெலசா இதெ."

பெங்களூர் கம்பெனியிடம் வரமாட்டேன், இங்கேயே வேலை இருக்கிறது என்கிறாள். மைசூரில் இத்தனை வருடம் இருந்தும் கன்னடம் அவ்வளவு இனிப்பாக என் காதில் விழுந்ததில்லை. என் கண்கள் நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேலியாகச் சொன்னாள்:

"அழுது முடிச்சாச்சுன்னா, 'எழுது' கருவிக்கும் திருத்தம் இருக்கு. நாளைக்கு நான் முன்னாடியே போயிடுவேன், நீங்க எட்டு மணிக்கு வாங்க."

"எட்டு மணிக்கு வர்ற பஸ்ல நிக்க இடம் இருக்காதும்மா. ஏழு நாப்பதுக்கே வந்துடறேன்."