ஆவணி முகூர்த்தத்தில் காலாவதியான பத்துச் சான்றிதழ்கள்

இங்கே ஜெர்மனியில் வீட்டு எண் சரியாக இருந்தால் மட்டும் கடிதம் வந்துவிடாது. தபால் பெட்டியின் மேல் உங்கள் பெயரும் ஒட்டியிருக்க வேண்டும். என் பெட்டியிலிருந்த சீட்டு மழையில் கழன்று விழுந்த வாரம், மதுரையிலிருந்து செல்வி அக்கா அனுப்பிய காதுகுத்துப் பத்திரிகையை, ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். தினமும் எனக்குக் காலை வணக்கமாக ‘மோர்கன்’ சொல்லும் மனிதர்தான்! எங்கள் ஊர் விளாங்குடித் தபால்காரர், அரைகுறை முகவரி எழுதிய கடிதத்தைக்கூட, “இது நம்ம செல்வி தம்பிக்குத்தான் வந்திருக்கும்” என்று கொண்டுவந்து கொடுப்பார்.

பத்திரிகை வராவிட்டால் என்ன, நாள் எனக்குத் தெரியும். அக்கா மகள் யாழினிக்கு, பேரையூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில், ஆவணி முதல் வெள்ளி, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். யாழினியைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். “நீ லீவு போட்டாத்தான்டா நாள் குறிப்பேன்” என்று மாதக்கணக்கில் காத்திருந்தாள் அக்கா. புதன்கிழமை மாலை விமானம். அன்று காலை பெட்டியோடுதான் ஆபீசுக்குப் போனேன்.

நூலகங்களுக்குப் புத்தகம் தேடித் தரும் சேவையில் எனக்கு வேலை. பத்து சர்வர்கள் கூட்டாகத் தேடும். ஒன்றோடொன்று பேசுமுன் ஒவ்வொன்றும் தன் பாதுகாப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அன்று ஒன்பதேகாலுக்குத் தேடல் நின்றுபோனது. நெட்வொர்க் கோளாறு என்று கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். ஒரு சர்வரை அணைத்துப் போட்டேன்; மற்ற ஒன்பதும் அதை உள்ளேயே விடவில்லை. பதிவுகளைத் திறந்தால் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: சான்றிதழ் காலாவதி. பத்துக்கும்தான், அந்தப் பத்துக்கும் கையெழுத்திட்ட தாய்ச் சான்றிதழுக்கும்தான்.

அவற்றைப் போட்ட புண்ணியவான் வேறு யாருமில்லை, நானேதான். இரண்டு வருடம் முன்பு ஆடியிலேயே எல்லாம் தயார். ஆடியில் புதிதாக ஒன்றைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. ஏதேதோ சாக்குச் சொல்லி ஆவணி வரை இழுத்தேன். அக்காவிடம் போனில் கேட்டு, முதல் முகூர்த்தத் திங்களன்று, ராகு காலம் ஒன்பதுக்கு முடியட்டும் என்று காபி குடித்துக் காத்திருந்து, அத்தனையையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டேன். ஆயுள் சரியாக இரண்டு வருடம். புத்தியுள்ளவன், எல்லாம் ஒரே நாளில் காலாவதியாகாதபடி, வாரத்துக்கு ஒன்றாகப் போட்டிருப்பான். ஆவணி பிறந்தால் எனக்கே ஞாபகம் வராதா என்ற மிதப்பில் நினைவூட்டலும் வைக்கவில்லை. ஆவணி பிறந்தது, என் ஞாபகமெல்லாம் காதுகுத்தில் இருந்தது. ஆடி முடிந்ததும் ஊரே நல்ல காரியத்துக்கு முண்டியடிக்கும் வாரம் அது. அக்கா மட்டும் வேறு எப்போது நாள் குறிப்பாள்?

மேலாளர் ஃபிரௌ வேபரிடம், அக்கா மகளுக்குக் காது குத்துகிறார்கள், மாலை நான் போயே ஆக வேண்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

“காதில் என்ன கோளாறு? ஆபரேஷனா?”

“இல்லை, கம்மல் போட.”

“கடையில் ஐந்து நிமிடத்தில் குத்திவிடுவார்களே?”

“குழந்தை என் மடியில் உட்கார வேண்டும்.”

“ஏன், அப்பா இல்லையா அதற்கு?” என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

அன்றைக்கு அப்பாவைவிட மாமன்தான் பெரிய ஆள் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. இந்த வேலை தெரிந்த இன்னொருவர் விடுமுறையில் இருந்தார். இங்கே தலை போகிற காரியமானாலும் விடுமுறையில் இருப்பவரைக் கூப்பிட மாட்டார்கள்.

தாய்ச் சான்றிதழைப் புதிதாக உருவாக்கி, பத்துக்கும் கையெழுத்திட்டு, ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒன்பது சமாதானமாகிவிட்டன. பத்தாவது முரண்டு பிடித்தது. பார்த்தால், அவசரத்தில் அதற்கு மட்டும் புதிய தாய்ச் சான்றிதழைக் கொடுக்க மறந்திருக்கிறேன். அது பழையதையே நம்பிக்கொண்டிருந்தது. அதையும் சரிசெய்து முடித்தபோது மணி நாலரை. விமான நிலையத்துக்கு நான் பிடிக்க வேண்டிய ரயில் மூன்று மணிக்கே போய்விட்டது. அடுத்த விமானம் மறுநாள் மாலைதான்; அதைப் பிடித்தாலும் முகூர்த்தத்துக்கு ஊர் போய்ச் சேர முடியாது.

ஊருக்குப் போன் போட்டேன். “அக்கா, என்னால வர முடியலக்கா.”

“அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாச்சுடா, கெடா வாங்கியாச்சு” என்றாள். “பாண்டி மடியில வச்சிக்கிறேன். அவனும் மாமன்தான?”

பாண்டி எங்கள் சித்தப்பா மகன், சிம்மக்கல்லில் கடை வைத்திருக்கிறான். தங்கமான பையன். அவன்மேல் எனக்கு அப்படியொரு பொறாமை வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெள்ளியன்று அங்கே மணி பத்து, இங்கே காலை ஆறரை. அக்கா கூப்பிட்டு, “பேசாமக் கேட்டுக்கிட்டு இரு” என்று செல்போனைப் பாண்டியின் சட்டைப்பையில் போட்டுவிட்டாள். கொட்டுச் சத்தம், யார் யாரோ அதட்டும் சத்தம். நடுவே ஆசாரியின் குரல்: “தாய்மாமன் யாருப்பா? கெழக்கப் பாத்து ஒக்காரு.”

“நான்தாண்ணே” என்றான் பாண்டி.

“நான்தாண்ணே” என்றேன் நானும். அங்கே யாருக்கும் கேட்டிருக்காது.

யாழினி வீறிட்டாள். “ஒண்ணுமில்லடா தங்கம், மாமா இருக்கேன்ல” என்று பாண்டி அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் அழுகை என் காதுக்குள்ளேயே கேட்டது. நான் எப்போது நாற்காலியைவிட்டு இறங்கினேன் என்று தெரியவில்லை. சமையலறைத் தரையில், கிழக்குப் பார்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் யாரும் இல்லை.