பாரில் மகன், கரியரில் மகள்

மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்க முடியாமல் போன காலையில்தான் உடம்புக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. இரண்டு தரம் தள்ளியதிலேயே மூச்சு வாங்கியது. சட்டை நனைந்துவிட்டது. மாலையில் வந்துபோகும் மெல்லிய காய்ச்சலையும், விடாத இருமலையும் அதுவரை நான் பொருட்படுத்தவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கிழக்கிலங்கையில், மருதமுனையில் மனைவியின் வீட்டில் குடியிருந்தோம். எனக்குக் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. மகள் ஸைனப் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். மகன் அஸீமுக்கு மூன்று வயது.

மார்பு நோய்க் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, சளியையும் பரிசோதித்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலப்பக்க நுரையீரலின் மேற்பகுதியைக் காட்டினார். பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு வெண்மை தெரிந்தது.

“கசம், காசநோய்தான். முழுசாச் சுகமாக்கலாம். ஆனா, சுகம் எண்டு தெரிஞ்ச உடனே குளிசை மருந்த நிப்பாட்டக் கூடாது” என்றார்.

“வீட்டில ரெண்டு சின்னப் புள்ளைகள் இருக்காங்க டொக்டர்.”

“கூட்டிட்டு வாங்க, பாப்பம்.”

இருவருக்கும் மான்டூ பரிசோதனை (கையின் தோலுக்குள் சிறு ஊசி போட்டு, பிறகு தடிப்பை அளந்து பார்ப்பது) செய்து, எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை என்னால் சோறு விழுங்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதும் கிளினிக்கின் நீள மர வாங்கிலேயே உட்கார்ந்து அழுதேன். அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

முன்னறையில் தனியாகப் படுத்தேன். ரிஃபாம்பிசின் (கசக் கிருமியைக் கொல்லும் குளிசை) சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். இதே மருந்தைத் தொடங்கியிருப்பவர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. அஸீம் ஓடிவரும்போதெல்லாம் கையை நீட்டித் தடுத்தேன். சில நாட்களில் அவன் கதவடியிலேயே நிற்கப் பழகிவிட்டான்.

“வாப்பாட்ட வரட்டா?”

“வேணாம் மகன்.”

இரண்டு மாதத்துக்குப் பிறகு சளியில் கிருமி இல்லை என்று வந்தது. “இனி உங்களால ஆருக்கும் தொத்தாது. புள்ளைகளைத் தூக்குங்க. மெல்ல நடங்க, சைக்கிள் ஓடுங்க” என்றார் டொக்டர். என் மனைவி பரீதாவும் பக்கத்தில் நின்று கேட்டாள். நான் நம்பினேன். ஆனாலும் பிள்ளைகள் கிட்ட வந்தால் முகம் தானாகவே மறுபக்கம் திரும்பியது.

மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணும் பலம் இன்னும் வரவில்லை. மச்சானின் பழைய சைக்கிள் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது. வேலை கிடைத்ததிலிருந்து நான் சைக்கிளைத் தொட்டதே இல்லை. முதல்நாள் வீட்டுச் சந்தான ஒழுங்கையின் முனைவரை போய்த் திரும்புவதற்குள் கால்கள் நடுங்கின. பிறகு கடற்கரை வீதி. பிறகு இன்னும் கொஞ்சம்.

ஒரு விடுமுறை நாள் காலை, கல்முனைச் சந்தைக்குப் போகப் புறப்பட்டபோது, பரீதா துவாயை மடித்துச் சைக்கிளின் முன்கம்பியான பாரில் சுற்றினாள். அஸீமைத் தூக்கி அதில் இருத்தினாள். ஸைனப் தானாகவே பின்னால் கரியரில் ஏறிக்கொண்டாள்.

“மூச்சு அவன்ட தலையில படும், பரீதா.”

“படட்டும். வாப்பாட மூச்சுத்தானே. டொக்டர் சொன்னத நானும் கேட்டன். கொண்டு போங்க.”

ஒழுங்கை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் மிதித்தேன். ஆனால் அப்படி நெடுந்தூரம் மிதிக்க முடியாது. பிரதான வீதியில் ஏறியபோது மூச்சை விட்டேன். அஸீமின் முடி அசைந்தது. தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மணியை அடிக்கத் தொடங்கினான். நான் முகத்தைத் திருப்பவில்லை.

மோட்டார் சைக்கிளில் பிள்ளைகள் கதைப்பது எனக்குக் கேட்டதேயில்லை. இப்போது ஸைனப் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் ஒரு பெயரை வாசித்து முடிக்கும்வரை அந்தக் கடை பக்கத்திலேயே இருந்தது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் ஓரத்தில் இறங்கி நின்றோம். இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்ட வேண்டும். மற்றவர்களுக்கு அது தொல்லை. எனக்கு இளைப்பாற ஓர் இடம் கிடைத்தது.

மருந்து முடிந்தபோது எடுத்த படத்தில் மெல்லிய கோடொன்று தெரிந்தது. “தழும்பு. அது அப்பிடியே கிடக்கும்” என்றார் டொக்டர்.

மோட்டார் சைக்கிளை அதன்பிறகு தூர இடங்களுக்கு மட்டும்தான் எடுத்தேன். பிள்ளைகளோடு கல்முனைக்கு என்றால் சைக்கிள்தான். எதிர்க்காற்று பலமாக வீசும்போது வலப்பக்கம் கொஞ்சம் இறுகும். முன்பு மூச்சென்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நோய்க்குப் பிறகு ஒவ்வொன்றும் வந்துபோவது தெரிந்தது. அவசரம் என்னை விட்டுப் போய்விட்டது.

“களைச்சிட்டீங்களா வாப்பா? நான் இறங்கி நடக்கட்டா?” என்று ஸைனப் பின்னாலிருந்து கேட்பாள்.

“வேணாம் மகள், இரிங்க. மெல்லமாப் போவம்.”